தோல் ஷூ வாங்குவதும் காப்பதும்: கொங்கு வெயிலுக்கும் ஆடிக் காற்றுக்கும் ஏற்ற முறைகள்

கொங்குப் பகுதியில் அலுவலகத்துக்கோ திருமணத்துக்கோ தோல் ஷூ அணிந்து செல்பவர் ஒரே நாளில் அதைப் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டு வாசலிலும், கோவில் முன்பும், மணமேடை ஓரத்திலும், டாக்டர் அறைக்கு வெளியிலும் ஷூ தனியே கிடக்கும். கிடக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். ஆடி மாதமானால் புழுதி படியும். திரும்பி வந்த அவசரத்தில் லேஸை அவிழ்க்காமலேயே காலைத் திணித்து, பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்து மடக்கியபடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நல்ல விலை கொடுத்து வாங்கிய ஷூ சீக்கிரமே உருக்குலைந்து போவதற்கு, நாம் நடக்கும் தூரத்தைவிட இந்த அவசர மாட்டலும் வெயிலில் விடுவதும்தான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே கடையில் எதைச் சோதிப்பது, வீட்டில் எப்படிப் பேணுவது என்ற இரண்டையும் நம் ஊர் வழக்கத்தையும் தட்பவெப்பத்தையும் மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

தோலைப் பார்ப்பது

‘ஜெனியூன் லெதர்’ என்ற முத்திரையைக் கண்டதும் பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். அந்தச் சொல் தரத்தைக் குறிப்பதன்று; பொருள் தோல் என்பதை மட்டுமே சொல்கிறது. விலங்கின் தோலில் முடி இருந்த மேற்பரப்புதான் இழைகள் மிக நெருக்கமாக அமைந்த பகுதி. அதைத் தேய்த்து நீக்காமல் அப்படியே வைத்துப் பதனிட்டது ஃபுல் கிரெய்ன். முள் கீறலும் உண்ணி கடித்த தழும்பும் மிகுந்த தோலின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, நிறப்பூச்சு ஏற்றி, செயற்கையான துளை அச்சைப் பதித்தால் அது கரெக்டட் கிரெய்ன். தோலைக் குறுக்காகப் பிளந்த பின் கிடைக்கும் அடிப்பக்க அடுக்கு ஸ்ப்ளிட். இதில் வலுவான மேற்பரப்பு இருக்காது என்பதால் மேலே ஒரு படலத்தை ஒட்டி விற்கிறார்கள். இந்த மூன்றுமே தோல்தான், ஆனால் அவற்றின் ஆயுள் ஒன்றன்று.

வேறுபாட்டை விரலாலேயே அறியலாம். ஷூவின் முன்பகுதியில், நடக்கும்போது மடியும் இடத்தில், கட்டைவிரலை மெல்ல அழுத்துங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி மிக நுண்ணிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் அடங்கிவிடும். பூச்சு தடித்த தோலில் நுண்சுருக்கம் தோன்றாது; ஒரே ஒரு தடித்த மடிப்பு விழும், அல்லது எதுவுமே விழாது. சுருக்கம் பெரிதாகவும் குழாய் குழாயாகவும் எழுந்து நின்றால், அது இழை தளர்ந்த வயிற்றுப் பகுதித் தோலாக இருக்கக்கூடும். அதை முன்பகுதியில் வைத்துத் தைத்த ஷூ விரைவில் அசிங்கமாக மடியும். அடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பின் துளைகளைப் பாருங்கள். இயற்கையான துளைகள் ஒழுங்கற்று, ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். முழு ஷூவிலும் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் இருந்தால் அது அச்சு. கடைசியாக, நாக்குப் பகுதியைத் திருப்பி அதன் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: தோலானால் பஞ்சு போன்ற இழைகள் தெரியும், ரெக்சினோ பி.யூ. என்னும் பாலியூரித்தேனோ ஆனால் நெய்த துணியும் அதன்மேல் ஒரு படலமும் தெரியும்.

வாசனையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தோல் மணத்தைச் செயற்கைப் பொருளிலும் ஏற்ற முடியும். தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நல்ல தோலின் மேற்பூச்சும் தீயில் கருகும் என்பதால், அந்தச் சோதனையால் ஷூவைக் கெடுக்கலாமே தவிர உண்மையை அறிய முடியாது.

ஏற்றுமதிக்கெனத் தயாராகி இங்கேயும் விற்பனைக்கு வரும் ஷூக்களில் சிறிய படக் குறியீடுகள் அச்சிட்ட ஒட்டு ஒன்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994ஆம் ஆண்டு விதிப்படி வந்த குறியீடுகள் அவை. மேற்பகுதி, உட்புறம், அடிப்பாகம் என மூன்றுக்கும் தனித்தனியே குறியிட்டிருப்பார்கள். விரித்து வைத்த தோலின் வடிவம் இருந்தால் அது தோல். அந்த வடிவத்துக்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சு ஏற்றிய தோல், அதாவது மேற்படலம் 0.15 மி.மீ.க்கு மேல் தடித்தது. வலைப்பின்னல் போன்ற குறி துணி. வெறும் சாய்சதுரம் பிற பொருள்கள். விற்பனையாளர் என்ன சொன்னாலும் இந்த ஒட்டைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. மேலே தோல் வடிவமும் உட்புறத்துக்கு வெறும் சாய்சதுரமும் இருக்கும் ஷூக்கள் நிறைய. அவற்றை ‘முழுத் தோல் ஷூ’ என்று விற்றால் ஏமாற வேண்டாம்.

உட்புறத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஷூவின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிட்டது. அது மென்மையாக இருக்கும், நனைவதையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத் தொழிற்கூடங்களில் இந்த வகை பெருமளவில் உருவாகிறது. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களுக்கோ தாவரப் பட்டையால் பதனிடும் பழைய மரபு உண்டு, ‘ஈ.ஐ. லெதர்’ (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்த மரபுக்கு அடிப்படையாக இருந்தது ஆவாரம் பட்டை. தைப்பொங்கலுக்கு முன்பு வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து நம் வீட்டு வாசலில் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரைதான். பட்டையால் பதனிட்ட தோல் வியர்வையை நன்றாக உறிஞ்சும். நாளடைவில் பாதத்தின் வடிவத்துக்கு இணங்கும். கோடையில் கரூரிலும் ஈரோட்டிலும் நாள் முழுவதும் ஷூவுக்குள் இருக்கும் கால் எவ்வளவு வியர்க்கும் என்பதை நினைத்தால், உட்புறமும் பாதம் படும் இன்சோலும் தோலாக இருப்பது ஆடம்பரமன்று. செயற்கை லைனிங் வியர்வையைத் தேக்கிவைக்கும். அடிக்கடி கழற்றி மாட்டும் நம் பழக்கத்தில் குதிகால் உரசும் இடத்தில் முதலில் உரிந்து விழுவதும் அதுதான்.

கட்டுமானம்

ஷூவின் பின்பக்கத்தில், குதிகாலைச் சுற்றி நிற்கும் சுவரை இரு விரல்களால் அழுத்துங்கள். உள்ளே வைத்துத் தைத்திருக்கும் கடினமான தகடு உறுதியாக எதிர்த்து நிற்க வேண்டும். அழுத்தியதும் உள்வாங்கி, மெல்ல மீண்டு வந்தால் உள்ளே இருப்பது வெறும் அட்டை. நம் ஊரில் ஷூ வாங்குபவர் ஒரே ஒரு சோதனைதான் செய்வேன் என்றால், இதைத்தான் செய்யச் சொல்வேன். இந்தச் சுவர் ஒருமுறை உடைந்துவிட்டால் குதிகால் ஷூவுக்குள் ஆடும், லைனிங் கிழியும், நடையும் சாயும். அதைச் சரிசெய்வது சோல் மாற்றுவதைவிடக் கடினம்.

அடுத்து, முனையையும் குதிகால் பகுதியையும் இரு கைகளால் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் அகன்ற இடத்தில் மட்டும் மடிந்தால் சரி. நடுப்பாதத்தில் மடிந்தால், அங்கே இருக்க வேண்டிய ஷாங்க் என்னும் எஃகுத் தகடோ மரத்தகடோ இல்லை அல்லது பலவீனமாக இருக்கிறது. அத்தகைய ஷூவில் நாள் முழுவதும் நின்றால் உள்ளங்கால் வலிக்கும்.

சோல் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே பழுது பார்க்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. குட்இயர் வெல்ட் முறையில், மேல்தோலும் இன்சோலின் விளிம்பும் ஒரு தோல் பட்டையோடு சேர்த்துத் தைக்கப்படும். அந்தப் பட்டையோடுதான் சோல் தைக்கப்படும். இதனால் சோல் தேய்ந்தால் வெளித்தையலைப் பிரித்துப் புதியது போடலாம், மேற்பகுதி கலையாது. பிளேக் முறையில் ஒரே தையல் உள்ளிருந்து நேராக அடிவரை செல்லும். ஷூ மெலிதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும், ஆனால் மழைநீர் தையல் துளை வழியே உள்ளே ஏறும். மூன்றாவது வெறும் ஒட்டு. கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை இந்த வகையே. நல்ல பசையும் நல்ல சோலும் இருந்தால் ஒட்டிய ஷூவும் நெடுநாள் உழைக்கும், ஆகையால் அதை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. தவறு எங்கே நடக்கிறதென்றால், ஒட்டிய ஷூவின் ஓரத்தில் அழகுக்காக ஒரு பட்டையில் போலித் தையல் பதித்து, வெல்ட் ஷூவின் விலைக்கு விற்கும்போதுதான். ஓரத்தில் தெரியும் தையல் அடியிலும் அதே ஓட்டத்தில் தெரிகிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் வழவழப்பாக, தையலே இல்லாமல் இருந்தால், அந்தத் தையல் காலணியைத் தாங்கும் தையல் அன்று என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

பி.யூ. சோல் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். எடை குறைவு, நடக்க இதம் என்பதால் அது எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் பாலியூரித்தேனின் சில வகைகள் காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே சிதைகின்றன. அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நிற்காது. கல்யாணத்துக்கென வாங்கி, பீரோவில் பல வருடம் பத்திரப்படுத்திய ஷூ, அடுத்த கல்யாணத்தில் மண்டப வாசலிலேயே துண்டு துண்டாக உதிர்ந்து விழுவது இதனால்தான். எப்போதாவது மட்டுமே அணியப் போகிறீர்கள் என்றால் பி.யூ. சோலைத் தவிர்த்து ரப்பர் சோலையோ தோல் சோலையோ தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே இருப்பதானால், விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, சோலை நகத்தால் அழுத்தியும் வளைத்தும் பார்த்துவிடுங்கள்.

அளவு

சிறு வயது முதல் செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த கால்களில் முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும். நீளத்துக்கு ஏற்ற ஷூ அகலத்தில் பிடிக்கும்போது, கடைக்காரர் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக் கொடுத்துவிடுவார். இதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு சைஸ் என்பது ஏறக்குறைய எட்டரை மி.மீ.; அவ்வளவு நீளம் கூடினால் ஷூ மடிய வேண்டிய இடமும் பாதம் மடியும் இடமும் பொருந்தாமல் போகும், குதிகால் வழுக்கும், முனை மேல்நோக்கி வளையும். அதே சைஸில் அகலமான அச்சில் செய்த வேறு மாதிரியைக் கேளுங்கள், அல்லது டெர்பி வகையைப் பாருங்கள். டெர்பியில் லேஸ் கட்டும் இரு மடல்களும் மேலாக, திறந்து நிற்பதால் உயர்ந்த, அகன்ற பாதத்துக்கு இடம் கொடுக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் மடல்கள் அடியில் மூடித் தைக்கப்பட்டிருப்பதால் அந்தச் சலுகை இல்லை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அணியப்போகும் அதே சாக்ஸோடு, இரு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பாருங்கள். ஒரு நாளில் பலமுறை கழற்ற வேண்டிய வேலை உங்களுடையது என்றால், லேஸ் வைத்த ஷூவே வேண்டாம். நல்ல தோலில் செய்த லோஃபரோ, பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்ததோ வாங்குங்கள்.

அன்றாடப் பராமரிப்பு

முதல் விதி: லேஸை அவிழ்த்துக் கழற்றுங்கள், குதிகாலை வழுக்கி உள்ளே இறக்கும் ஷூ ஹார்ன் வைத்து மாட்டுங்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் ஹார்ன் ஒன்றை வண்டியிலோ பையிலோ போட்டுவைத்தால் போதும். அது கையில் இல்லாதபோது ஒரு எவர்சில்வர் ஸ்பூனின் பின்புறமும் அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது, ஒரு ஷூவைத் தொடர்ந்து இரண்டு நாள் அணியாதீர்கள். வியர்வை உறிஞ்சிய தோல் ஒரே இரவில் முழுவதும் உலராது. இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றி அணிந்தால், அவை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிய இரண்டு ஜோடிகளைவிட நெடுநாள் வரும். கழற்றியதும் பாத வடிவில் மரத்தாலான ஷூ ட்ரீயை உள்ளே வைத்தால் சுருக்கம் நிமிரும், ஈரமும் குறையும். அது இல்லையென்றால் பழுப்புக் காகிதத்தையோ பழைய பனியன் துணியையோ உருட்டித் திணிக்கலாம். செய்தித்தாளின் மை வெளிர்நிற லைனிங்கில் ஒட்டும் என்பதால் அது இரண்டாம்பட்சம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் ஷூவில் படியும் புழுதி கொஞ்சநஞ்சமன்று. அந்த மண்துகள் மடிப்புக்குள் தங்கி, ஒவ்வோர் அடியிலும் தோலை உள்ளிருந்து அரைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் குதிரைமுடி பிரஷ்ஷால் மடிப்புகளிலும் சோல் சேரும் ஓரத்திலும் அரை நிமிடம் தட்டிவிடுங்கள். புழுதியோடு பாலிஷ் போடுவது, அரைப்பதற்கு எண்ணெய் விடுவதாகத்தான் முடியும்.

துடைப்பதற்கு நீர் தேவைப்பட்டால் எந்த நீர் என்பதையும் பாருங்கள். திருப்பூர், பல்லடம், கரூர் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம்; அதில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டால் கறுப்புத் தோலில் வெள்ளைத் திட்டு நிற்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் வடிகட்டிய குடிநீரைச் சிறிது எடுத்துக்கொள்ளலாம்.

பைக் ஓட்டுபவர்களின் இடது ஷூவில், பெருவிரலுக்கு மேலே, கியர் லிவர் உரசிய தழும்பு ஒன்று விழும். தோலின் மேற்பரப்பே அங்கே தேய்ந்துவிடுவதால் பாலிஷ் அதை மறைக்காது. இதற்கென விற்கும் ரப்பர் உறையை ஷூவின் மேல் மாட்டிக்கொள்வது எளிது. குதிகாலாலும் கியர் மாற்றக்கூடிய லிவர் உள்ள வண்டியானால், லிவரை விரலால் மேலே தூக்குவதற்குப் பதில் குதிகாலால் அதன் பின்பக்கத்தை அழுத்தலாம்.

பாலிஷ் போடும் முறையில் கிரீமுக்கும் மெழுகுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். கிரீம் தோலுக்குள் இறங்கி, எண்ணெய்ப் பசையையும் நிறத்தையும் மீட்டுத் தருகிறது. டப்பாவில் வரும் மெழுகுப் பாலிஷ் மேலே தங்கிப் பளபளப்பையும் நீரிலிருந்து ஓரளவு காப்பையும் தருகிறது. எட்டுப் பத்து முறை அணிந்ததும் லேஸைக் கழற்றிவிட்டு, புழுதி தட்டி, ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிறகு கிரீமைப் பட்டாணி அளவே எடுத்துச் சிறு வட்டங்களாகத் தேய்த்து, கால்மணி நேரம் விட்டுப் பிரஷ் செய்யுங்கள். மெழுகு வேண்டுமானால் முனையிலும் குதிகாலிலும் மட்டும் மெல்லிய பூச்சாகப் போதும். மடியும் இடத்தில் தடிக்கப் பூசினால் அது பொடிந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். கறுப்புக்கும் பிரவுனுக்கும் தனித்தனிப் பிரஷ் வேண்டும். துணிக்கு நம் பகுதியில் பஞ்சமே இல்லை: இயந்திரம் துடைக்க விற்கும் பனியன் வேஸ்டில் சுத்தமான பருத்தித் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்தால் அதைவிட மென்மையான பாலிஷ் துணி கிடைக்காது.

ஸ்பஞ்சு பொருத்திய திரவப் பாலிஷை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். அது தோலுக்கு ஊட்டம் தராமல் மேலே ஒரு படலத்தைப் படிய வைக்கும், அது அடுக்கடுக்காகச் சேர்ந்து வெடிக்கும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் ஷூவுக்கு வேண்டவே வேண்டாம். நிறம் கறுத்துத் திட்டாகும், புழுதி ஒட்டும், தையலும் பசையும் தளரும். மென்மயிர்த் தோலான சுவேடுக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அதற்குத் தனிப் பிரஷ் மட்டுமே.

மழையும் பூஞ்சையும்

நனைந்த ஷூவை மொட்டை மாடி வெயிலில் வைப்பதுபோல் கேடு வேறில்லை. ஈரம் வேகமாக வெளியேறும்போது தோலிழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. பின்பு மடிக்கும்போது விரிசல் விழுகிறது. சேறு இருந்தால் துடைத்துவிட்டு, உள்ளே காகிதம் திணித்து, சோலுக்கும் காற்றுப் படும்படி பக்கவாட்டில் சாய்த்து, மின்விசிறிக் காற்றில் நிழலிலேயே உலர்த்துங்கள். காகிதம் நனைந்ததும் மாற்ற வேண்டும். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகட்டும். முழுவதும் உலர்ந்த பின் கிரீம் போடுங்கள்.

வால்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், மற்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பீரோவுக்குள் இருக்கும் ஷூவில் பூஞ்சை பூக்கும். பாலித்தீன் உறையில் கட்டிவைத்தால் இன்னும் வேகமாகப் பூக்கும். துணிப்பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வையுங்கள். பூத்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாமல் வெளியே கொண்டுபோய்ப் பிரஷ் செய்து, வினிகரும் நீரும் சம அளவு கலந்து நனைத்த துணியால், முதலில் மறைவான ஓரிடத்தில் சோதித்த பின், உள்ளும் புறமும் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். தோலில் தெரியும் வெண்மை எல்லாம் பூஞ்சையன்று. உள்ளிருக்கும் கொழுப்பு வெளியே பூத்து நிற்பதும் உண்டு. ஹேர் டிரையரின் இளஞ்சூடு பட்டதும் உருகி மறைந்தால் அது கொழுப்பு, துணியால் துடைத்தாலே போதும்.

பழுது பார்த்தல்

ஹீலின் அடியில் உள்ள ரப்பர் துண்டு ஒரு பக்கமாகத் தேய்ந்ததுமே மாற்றிவிடுங்கள். தேய்மானம் மேலுள்ள அடுக்குக்குள் ஏறிவிட்டால் ஹீல் முழுவதையும் மாற்ற நேரும். தோல் சோல் என்றால், வாங்கிய சில நாட்களிலேயே முன்பாதிக்கு மெல்லிய ரப்பர் தகடு ஒட்டித் தரச் சொல்லலாம். நம் கருங்கல் படிகளுக்கும் மழைத் தெருவுக்கும் அது ஏற்றது. சோல் விளிம்பு பிளந்த ஷூவைத் தைப்பவரிடம் கொடுக்கும்போது, ‘சொல்யூஷன் போட்டு ஒட்டறதோட விட்டுராதீங்ண்ணா, சுத்தித் தெச்சே குடுங்க’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அனுபவமுள்ளவர் குத்தூசியால் பழைய துளைகளிலேயே நூலை ஓட்டுவார். புதிதாகத் துளையிட்டால் வெல்ட் பட்டை பலவீனமாகும் என்பது அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் பேருந்து நிலைய ஓரத்தில் சிறு பெட்டியோடு அமர்ந்திருந்தாலும், அவருடைய கைவேலைக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

சோல் மாற்றச் செலவு செய்வதற்கு முன்பு முன்பகுதி மடிப்பை விரித்துப் பாருங்கள். சுருக்கம் மட்டும் இருந்தால் தாராளமாக மாற்றலாம். தோலின் மேற்பரப்பு பிளந்து உள்ளிழை தெரிந்தாலோ, பின்சுவர் உடைந்திருந்தாலோ, அந்தப் பணத்தை அடுத்த ஜோடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.